அத்தியாயம் 5: போஸ்ட்டாக் போகுமுன் ஓர் ஆண்டுக் கணக்கு

வேதியியலில் பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஒருவர் வெளிநாட்டு ஆராய்ச்சிப் பணியைப் பற்றி உத்திரமேரூரிலோ அதைச் சுற்றிய ஊர்களிலோ பேச்செடுத்தால், எந்த நாடு, எவ்வளவு சம்பளம், எப்போது திரும்பி வருவாய் என்று மூன்று கேள்விகள் உடனே வரும். மூன்றும் நியாயமானவைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் வைக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பட்டம் எந்தத் தேதியில் கைக்கு வரும், அன்றைக்கு உங்கள் வயது என்ன? நாடும் சம்பளமும் திரும்பும் நாளும் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே அமையும். இளம் வேதியியலாளருக்குப் பணம் குறைவாக இருக்கலாம், ஆங்கிலம் தடுமாறலாம். இரண்டையும் ஈடுகட்ட வழி உண்டு. கழிந்த ஆண்டை ஈடுகட்ட வழி இல்லை. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவருக்கு அந்த ஆண்டுகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மிஞ்சுகின்றன. ஆகவே ஆய்வகத்தையும் நாட்டையும் ஆண்டுக் கணக்கை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிளஸ் டூ முடிக்கும்போது வயது 17 அல்லது 18. பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. முடிய 23. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைக்க ஓரிரு முயற்சி, அதாவது இன்னும் ஓரிரு ஆண்டு. ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். இரண்டும் சேர்த்து உதவித்தொகை ஐந்தாண்டு. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்றாண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறாண்டு. சினாப்சிஸ் கொடுத்து, ஆய்வேடு வெளித் தேர்வாளர்களிடம் போய் வந்து, வைவா முடியும்போது 30 வயது ஆகிவிடுவது வியப்பல்ல. அந்த நாளிலிருந்துதான் பல கடிகாரங்கள் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்குகின்றன. ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்பில் போஸ்ட்டாக் பிரிவுக்கு விண்ணப்பிக்கப் பட்டம் பெற்று நான்காண்டுக்குள் இருக்க வேண்டும். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஃபெலோஷிப்புக்கு ஆறாண்டு. திரும்பி வரும் வழியிலும் கடிகாரம் உண்டு: இன்ஸ்பயர் ஃபேக்கல்டி திட்டத்தின் பொது வயது வரம்பு 32, சில பிரிவினருக்கு மட்டும் தளர்வு. வெளிநாட்டில் இருப்பவர்களை அழைத்து வருவதற்கென்றே ஏற்பட்ட ராமானுஜன் ஃபெலோஷிப்புக்கு 40. முப்பதில் பட்டம் வாங்கியவருக்கு இன்ஸ்பயர் வழியாகத் திரும்ப இரண்டே ஆண்டுதான் இருக்கிறது. இது தெரியாமலேயே விமானம் ஏறிவிட்டு, நான்காம் ஆண்டில் பாஸ்டனில் உட்கார்ந்து விதிகளைப் படிப்பவர்கள் உண்டு.

இதில் அதிகம் பேசப்படாத எண் ஒன்றையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தெரிவு செய்ய யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள் ஒரு மதிப்பெண் பட்டியலைத் தந்தன. அதில் கற்பித்தல் அல்லது போஸ்ட்டாக் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், மொத்தம் 10க்கு மேல் இல்லை. அதாவது ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு நீங்கள் வெளிநாட்டில் செலவிடும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பட்டியலில் பூஜ்யம். ஐ.ஐ.டி.க்களும் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களும் இந்தப் பட்டியலைக் கொண்டு ஆளெடுப்பதில்லை என்பது சரி. அங்கே கேட்பது வேறு: சொந்தமாக ஒரு ஆய்வுத் திட்டம் இருக்கிறதா? ஆறாண்டு இன்னொருவர் திட்டத்தில் உழைத்தவரிடம் அது தானாக முளைத்துவிடுவதில்லை.

விதிகள் மாறுமே, இன்றைக்கு எண்ணி என்ன பயன் என்று கேட்கலாம். உத்திரமேரூர்க்காரருக்கு இதற்கு விடை ஊர் நடுவிலேயே கல்லில் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 919, மற்றது 921. முதலாவதில் வாரியத்துக்கு நிற்பவரின் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். கல்லில் வெட்டிய விதியே இரண்டாண்டில் மாறியிருக்கிறது. வாரியத்தின் காலம் 360 நாள், முந்தைய மூன்றாண்டில் பதவி வகித்தவருக்கு மறுபடி இடம் கிடையாது என்ற கெடுவும் உண்டு. ஃபெலோஷிப் விதிகளைப் படிக்கும்போது இந்த இரண்டு கல்வெட்டையும் நினைத்துக்கொள்வது நல்லது: எந்த ஆண்டின் விதி என்று முதலில் பாருங்கள், பிறகு எத்தனை வயது என்று. சீனியர் அண்ணன் 2019இல் போன கதையை வைத்து 2026இல் விண்ணப்பிக்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் உள்ள எண்களையும், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அமைப்பின் அறிவிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுவிட வேண்டும்.

குறைந்த ஆண்டுகளில் என்ன சாதிக்க முடியும் என்ற ஐயத்துக்குச் சென்னை வேதியியலின் வரலாறே நல்ல சான்று தருகிறது. மாநிலக் கல்லூரியில் படித்த கே. வெங்கட்ராமன் 1920களில் மான்செஸ்டருக்குப் போய் ராபர்ட் ராபின்சனிடம் பயின்றுவிட்டு, அதே பத்தாண்டுக்குள் திரும்பிவிட்டார். உலகப் பாடநூல்களில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பேக்கர்–வெங்கட்ராமன் மறுசீரமைப்பு மான்செஸ்டரில் பிறக்கவில்லை. திரும்பி வந்து லாகூர்க் கல்லூரி ஒன்றில் பணியாற்றியபோது 1930களில் வெளியான வேலை அது. பிறகு பம்பாயில் சாய வேதியியல் துறையை வளர்த்து, 1957இல் புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். (காஞ்சிப் பட்டுக்கு அமிலச் சாயம் ஏற்றுகிறவருக்கு இவர் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை, அந்தச் சாயங்களின் வேதியியலை இந்தியாவில் பாடமாக்கியவர்களில் இவர் முதன்மையானவர்.) குளித்தலைக்காரரான டி.ஆர். சேஷாத்ரியும் அதே ராபின்சனிடம் 1929இல் பிஎச்.டி. பெற்றவர். அதன்பின் அவர் ஆஸ்திரியாவுக்குப் போனது ஃபிரிட்ஸ் பிரெகலிடம் நுண்பகுப்பாய்வு கற்க, சில மாதங்கள்தான். ஒரு பூவிலிருந்து சில மில்லிகிராம் நிறமி மட்டுமே கிடைக்கும் இடத்தில் அந்தக் கைவேலை எவ்வளவு உதவும் என்பதை, பின்னாளில் வால்டேரிலும் தில்லியிலும் பருத்திப் பூ தொடங்கி நம் தாவர நிறமிகளை அவர் ஆராய்ந்த விதம் காட்டுகிறது. டி.ஆர். கோவிந்தாச்சாரி சென்னையில் பிஎச்.டி. முடித்து, 1940களின் பிற்பகுதியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸிடம் சுமார் மூன்றாண்டு போஸ்ட்டாக் செய்து, மாநிலக் கல்லூரிக்கே திரும்பினார். நம் வேலியோரத்து நஞ்சறுப்பான் கொடியில் இருக்கும் டைலோஃபோரின் போன்ற அல்கலாய்டுகளின் அமைப்பை அவர் குழு கண்டது இங்கேதான். மூவரும் போனது ஒரு திறமையைக் கற்க, நெடுங்காலம் தங்கவில்லை, பெயர் சொல்லும் வேலையைத் திரும்பிய பின் செய்தார்கள்.

அந்தக் காலத்தில் சீமைப் பட்டத்தோடு வந்தவருக்குப் பதவி காத்திருந்தது, இன்றைக்கு ஒரு இடத்துக்கு நூறு பேர் நிற்கிறார்களே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை, இறுக்குகிறது. பதவி காத்திருந்த காலத்திலேயே அவர்கள் சில ஆண்டுகளில் திரும்பினார்கள். காத்திராத காலத்தில் வயது வரம்பைத் தாண்டிவிட்டுத் திரும்புகிறவருக்குக் கதவுகள் இன்னும் குறைவு. தவிர, சேஷாத்ரிக்கும் வந்தவுடன் பேராசிரியர் நாற்காலி கிடைத்துவிடவில்லை. கோவை விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பிறகுதான் ஆந்திரப் பல்கலைக்கழகம் போனார்.

இதற்கு நேர் எதிரான சான்றாகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனைக் காட்டுவார்கள். அவர் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கிய பின், அதை அப்படியே வைத்துவிட்டு, சான் டியேகோவில் மறுபடி மாணவராகச் சேர்ந்து இரண்டாண்டு உயிரியல் படித்தார். யேலில் போஸ்ட்டாக் செய்தபின் சுமார் ஐம்பது கல்லூரிகளுக்கு வேலைக்கு எழுதியும் இடம் கிடைக்கவில்லை. 2009இல் வேதியியல் நோபல் வந்தது. ஆண்டுகளை எண்ணியிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்கும், ஏனென்றால் அவரிடம் செலவழிக்க ஆண்டுகள் இருந்தன. 1952இல் பிறந்தவர், 1976இல் பிஎச்.டி. முடித்துவிட்டார். இருபத்து நாலு வயதில் துறை மாறுகிறவருக்கு இரண்டாண்டு ஒரு முதலீடு. முப்பதில் அதையே செய்தால் அது ஹம்போல்ட் கெடுவில் பாதி. அவரைப் போல் துணிவதில் தவறில்லை, நம் கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் துணிய வேண்டும்.

அடுத்து வருவது பெரிய பெயர் பற்றிய மயக்கம். நோபல் பரிசாளரின் ஆய்வகம், அறுபது பேர் கொண்ட குழு, அங்கே இரண்டாண்டு இருந்தாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். சிபாரிசுக் கடிதத்தின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கரிம வேதியியலில் முப்பது படி கொண்ட ஒரு மொத்தத் தொகுப்பில் பதினேழாம் படியில் உங்களைச் சேர்த்துக்கொண்டால், வினை ஓடாத ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில்தான் கழியும். பேப்பரோ இன்னொருவர் பெயரில் நாலாம் ஆண்டில் வரும். ஆகவே நேர்காணலில் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. கடந்த ஐந்தாண்டில் இந்தக் குழுவில் இருந்த போஸ்ட்டாக்குகள் இரண்டாண்டில் முதல் ஆசிரியராக எத்தனை பேப்பர் எழுதினார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? (குழுவின் இணையதளத்தில் பழைய உறுப்பினர் பட்டியல் இருக்கும், அதை வைத்துப் பாதிக்கு மேல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.) எனக்குத் தரும் திட்டம் புதியதா, யாரோ விட்டுப்போனதா? நான் கிளம்பும்போது அதில் ஒரு பகுதியை என்னுடன் கொண்டுபோகலாமா? மூன்றாவது கேள்வியே முக்கியம். "கொண்டுபோகலாம்" என்று மின்னஞ்சலில் எழுதித் தரும் நடுத்தர ஆய்வகம், மௌனம் சாதிக்கும் பெரிய ஆய்வகத்தைவிட உங்களுக்கு இரண்டாண்டு மிச்சம் பிடித்துத் தருகிறது.

எல்லாக் கருவியும் இங்கேயே வந்துவிட்டதே, எதற்குப் போக வேண்டும் என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாய்ஃப் மையத்துக்கு மாதிரியை அனுப்பினால் என்.எம்.ஆர். முடிவு வந்துவிடும், கல்பாக்கம், அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் எல்லாம் ஒருநாள் பயணத்தில் இருக்கின்றன. போகாமலே நல்ல வேதியியலாளர் ஆகலாம், ஆகியிருக்கிறார்கள். ஆனால் சீசாவில் மாதிரியை அனுப்பி, வரிசையில் காத்திருந்து, அச்சிட்ட நிறமாலையை வாங்கிப் பார்ப்பது ஒன்று. எந்திரத்தின் முன்னால் நீங்களே உட்கார்ந்து, முடிவு பிடிக்காவிட்டால் அன்று மாலையே வேறு கரைப்பானில் மறுபடி ஓட்டுவது இன்னொன்று. முதலாவதில் ஒரு தவறைக் கண்டுபிடிக்க மூன்று வாரம், இரண்டாவதில் மூன்று மணி. வெளிநாட்டு ஆய்வகம் உண்மையில் விற்பது இந்த வேகத்தைத்தான். அப்படியானால், உங்கள் துறையில் அந்த வேகம் இந்தியாவிலேயே ஒரு ஆய்வகத்தில் கிடைக்குமென்றால் போக வேண்டிய தேவை இல்லை என்பதும் இதே கணக்கின் விடைதான்.

போவது என்று முடிவானால், பணம் எந்த வடிவில் வருகிறது என்று பாருங்கள்; தொகையைப் பிறகு பார்க்கலாம். ஹம்போல்ட், ஜே.எஸ்.பி.எஸ். போன்றவை உதவித்தொகை. ஜே.எஸ்.பி.எஸ். மாதம் 3,62,000 யென் தருகிறது, 12 முதல் 24 மாதம், அங்குள்ள பேராசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப் அப்படியல்ல: அங்கே நீங்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர், சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் உண்டு, அதற்கான உரிமைகளும் உண்டு. ஆனால் போகப்போகும் நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் வசித்திருக்கக் கூடாது. முதலில் ஜெர்மனிக்கு ஒரு சாதாரணப் பணியில் போய், பிறகு அங்கிருந்தே ஜெர்மனிக்கான மேரி கியூரிக்கு எழுதலாம் என்று நினைப்பவர் இந்த விதியில்தான் இடறுகிறார். ஜெர்மன் பல்கலைக்கழக ஒப்பந்தத்துக்குத் தனிக் கெடு: தகுதி வளர்ப்புக்கான தற்காலிகப் பணி, பிஎச்.டி.க்கு முன் ஆறாண்டு, பின் ஆறாண்டு. அமெரிக்காவில் ஜே-1 ஆராய்ச்சியாளர் விசாவுக்கு அதிகபட்சம் ஐந்தாண்டு. முடித்தபின் அதே பிரிவில் மறுபடி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். முன்பு நம்மவர் பலரைக் கட்டிப்போட்ட "இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையில் ஒரு பகுதி தளர்ந்துவிட்டது. அந்த நிபந்தனைக்கு உட்பட்ட நாடுகளைக் குறிக்கும் திறன் பட்டியலை 2024 டிசம்பரில் திருத்தியபோது அதிலிருந்து இந்தியா நீங்கியது. ஆனால் ஃபுல்பிரைட் போல அரசுப் பணத்தில் போகிறவருக்கு நிபந்தனை அப்படியே இருக்கிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபின், அது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்காமல், ஜே-1இல் போய் எச்-1பி வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற பழைய வாய்ப்பாட்டை நம்பித் திட்டமிடுவது சரியல்ல.

வேதியியலாளருக்கென்றே ஒரு தாமதம் உண்டு, கணினிக்காரர் பலருக்கு அது தெரியாது. பிரிட்டனில் ஆராய்ச்சிப் பணிக்கோ படிப்புக்கோ போகும் இந்தியர், வேதியியல் போன்ற துறைகளில் ஏட்டாஸ் என்ற பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டணம் கிடையாது, ஆனால் குறைந்தது 30 வேலை நாள் பிடிக்கும், நெரிசல் காலத்தில் இன்னும் கூடும். அது கைக்கு வந்த பிறகே விசா விண்ணப்பம். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்திலும் நேர்காணல் முடிந்து, "கூடுதல் பரிசீலனை" என்று சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது வேதியியல் ஆராய்ச்சியாளருக்கு அரிதல்ல. ஆய்வுச் சுருக்கத்தில் நச்சுப் பொருள், வெடிபொருள், கதிரியக்கம் என்று படிக்க இடம் தரும் சொற்களை விளக்கமில்லாமல் விட்டுவைக்காதீர்கள். பூச்சிக்கொல்லி எச்சத்தை அளக்கும் முறை என்றால் அளக்கும் முறை என்றே தெளிவாக எழுதுங்கள். மறைப்பது வேறு, தெளிவாகச் சொல்வது வேறு; மறைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு தாமதம் நம் பெயரில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயர், பட்டச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், பேப்பரில் ஊர்ப் பெயரும் சேர்ந்து என்று ஒரே ஆளுக்கு நாலு பெயர் இருப்பது தமிழ்நாட்டில் சகஜம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முன்பெயரே இல்லாதவர் என்று அச்சாகி வரும். வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எங்கும் அது தொடரும். இதைத் திருத்த அரசிதழ் அறிவிப்பு, புது பாஸ்போர்ட் என்று மாதங்கள் போகும். பிஎச்.டி. பதிவு செய்யும் நாளிலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை முடிவு செய்து, முதல் பேப்பரிலிருந்து அதையே பயன்படுத்தினால் ஒரு ரூபாய் செலவில்லை.

குடும்பத்தின் பணத் தேவையைக் கணக்கில் சேர்க்காமல் பேசுவது நேர்மையாகாது. ஏரிப் பாசனத்தை நம்பி ஒன்றரை ஏக்கர், கல்விக் கடன், தங்கையின் திருமணம் என்று இருக்கும் வீட்டில் "ஆண்டுகளைக் கணக்கிடு, டாலரைப் பிறகு பார்" என்பது வசதியானவர் பேச்சாகத் தோன்றும். ஆனால் எண்களைப் பாருங்கள்: அமெரிக்காவில் போஸ்ட்டாக் சம்பளத்துக்கு அளவுகோலாகப் பலர் எடுத்துக்கொள்ளும் என்.ஐ.எச். தொடக்கத் தொகை 2024இல் ஆண்டுக்கு 61,008 டாலர். ரூபாயில் பெருக்கினால் மலைப்பாக இருக்கும்; பாஸ்டனிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ வரியும் வாடகையும் போனபின் மிஞ்சுவது ஒரு கல்விக் கடனை இரண்டு மூன்றாண்டில் அடைக்கப் போதும், ஊரில் மாடி வீடு எழுப்பப் போதாது. பணமே முதல் தேவை என்றால் ஹைதராபாத் மருந்துக் கம்பெனி ஒன்றில் எம்.எஸ்ஸி. முடித்தவுடன் சேர்வது நல்ல முடிவு, அதில் குறைவொன்றும் இல்லை. போஸ்ட்டாக்கைப் பணத்துக்காக நீட்டிக்கொண்டே போவதுதான் இரண்டும் கெட்ட நிலை: கம்பெனிக்கு வயது கூடிவிட்டது, கல்லூரிக்குக் கெடு முடிந்துவிட்டது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. முப்பது வயதில் பட்டம் கிடைக்கும்போது வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்கான காலத்தைக் கழித்துவிட்டுக் கெடுவைக் கணக்கிடும் விதி ஹம்போல்ட், மேரி கியூரி உள்ளிட்ட பல திட்டங்களில் இருக்கிறது. விண்ணப்பத்தில் அதற்கான இடத்தில் எழுதி, சான்று இணைத்தால்தான் கிடைக்கும். கேட்காதவருக்குக் கொடுக்க மாட்டார்கள். கெடு முடிந்துவிட்டது என்று தானே முடிவு செய்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவதற்கு முன், குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு தேதிகளை ஒருமுறை கழித்துப் பாருங்கள்.

எப்போது தொடங்குவது? பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்க வேண்டாம், வைவாவுக்கும் காத்திருக்க வேண்டாம். சினாப்சிஸ் கொடுத்த வாரமே முதல் கடிதம் போக வேண்டும். ஹம்போல்ட் போன்றவை பட்டம் சில மாதங்களில் முடியவிருப்பவரையும் ஏற்கின்றன. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி அவர் பெருமையை மூன்று வரி பாடுவதை விட்டுவிட்டு, அவருடைய எந்தப் பேப்பரில் எந்த வினை உங்களை நிறுத்தியது, உங்கள் ஆய்வேட்டில் உள்ள எந்தக் கைவேலை அதற்கு உதவும், இரண்டாண்டில் எதை முடிக்க நினைக்கிறீர்கள், எந்த ஃபெலோஷிப்புக்கு எந்தத் தேதிக்குள் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று எழுதுங்கள். கடைசி வரியில் உங்கள் பிஎச்.டி. முடியும் மாதமும் ஆண்டும் இருக்கட்டும். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் அடுத்த பெயர்.